ஃபீடைத் திறந்தே வையுங்கள்: தமிழ்ப் பாட்காஸ்ட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பாட்காஸ்ட் நடத்தும் நண்பர்களுக்கு,

உங்கள் நிகழ்ச்சியை எந்தெந்த ஆப்பில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஹோஸ்டிங் சேவை உங்களுக்கு ஒரு வட்டப்படம் காட்டும். ஸ்பாட்டிஃபை ஒரு பெரிய துண்டு, ஆப்பிள் ஒரு துண்டு, மிச்சமெல்லாம் சில்லறை. அந்தச் சில்லறைக்கும் அடியில் ‘மற்றவை’ என்று ஒரு வரி இருக்கும். விரித்துப் பார்த்தால் வீகெட், நியூஸ்போட், ஜிபாடர் என்று ஆப் பெயர் மாதிரியே இல்லாத சில பெயர்கள். ஏதோ ரோபோ வந்து போகிறது என்று பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில சேவைகள் வீகெட்டின் பெயரைப் பார்த்தாலே ரோபோ கணக்கில் தள்ளி, எண்ணிக்கையிலிருந்தே கழித்துவிடுகின்றன.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆட்கள்தான். உங்கள் நிகழ்ச்சியை டெர்மினலிலிருந்து, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையிலிருந்து, இறக்கிக் கேட்பவர்கள். இந்த மடல் அவர்கள் சார்பில் எழுதப்படுகிறது.

காதால் கேட்கும் சமாச்சாரத்துக்கு எழுத்துத் திரை எதற்கு என்று தோன்றலாம். பாட்காஸ்டில் பார்ப்பதற்குத்தான் என்ன இருக்கிறது? ஒரு தலைப்பு, ஒரு தேதி, நாலு வரிக் குறிப்பு, ஒரு எம்பி3 ஃபைல். இதைப் பார்த்துக்கொள்ள அலமாரி மூலையில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று போதும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், விடியற்காலை 4 மணிக்கு ஒரு ஸ்க்ரிப்டை எழுப்பிவிடும். அது வரிசையாக ஒவ்வொரு ஃபீடையும், அதாவது நிகழ்ச்சியின் எபிசோடுப் பட்டியலையும், படித்து, புதிதாக வந்ததை மட்டும் இறக்கும். ஆள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் ஃபைல் போனுக்கு நகர்ந்திருக்கும். பரிந்துரை இல்லை, ஆட்டோப்ளே இல்லை, ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்ற நச்சரிப்பும் இல்லை. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டுபவர்கள், நாள் முழுக்க சர்வர்களோடு மல்லுக்கட்டும் சிஸ்டம் அட்மின்கள், ஆப்கள் தங்களை வேவு பார்ப்பதை விரும்பாதவர்கள் என்று பலவகை ஆட்கள் இப்படிக் கேட்கிறார்கள்.

பார்வையற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு இது வெறும் விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. லினக்ஸின் எழுத்துத் திரையை அப்படியே பிரெய்ல் கருவிக்குக் கொண்டுபோகும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் 1990-களிலிருந்து இருக்கிறது. எழுத்துத் திரையைப் பேச வைத்தவர்களில் ஒருவர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்து, ஐஐடி பம்பாய் வழியாக கார்னெல் பல்கலைக்கழகம் போய் முனைவர் பட்டம் வாங்கியவர். பதினாலு வயதில் பார்வையை இழந்தவர். அவர் 1995-ல் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், ஈமாக்ஸ் எடிட்டரையே பேச வைத்தது. பளபளப்பான ஓர் ஆப்பில் பெயர் எழுதாத ஒரு பட்டன் இருந்தால் திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். எதற்கான பட்டன் என்று தெரியாது. எழுத்துத் திரையில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே இருப்பது எல்லாமே எழுத்து.

சரி, இவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் நியூஸ்போட் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஆண்ட்ரியாஸ் கிரென்மேர் எழுதிய நியூஸ்பியூட்டர் கைவிடப்பட்டபோது, 2017-ல் அதிலிருந்து கிளைத்த மென்பொருள் அது. உங்கள் ஃபீடு அதில் வரிவரியாகத் தெரியும். பிடித்த எபிசோடின் மேல் நின்று ‘ஈ’ விசையைத் தட்டினால் அது வரிசையில் சேரும். அந்த வரிசை என்பது ‘க்யூ’ என்ற பெயரில் இருக்கும் ஒரு சாதாரண எழுத்து ஃபைல். எந்த எடிட்டரில் வேண்டுமானாலும் திறந்து, வேண்டாத வரியை அழித்துவிடலாம். கூடவே வரும் பாட்போட்டைத் திறந்து ‘டி’ தட்டினால் இறங்கத் தொடங்கும். முடியும்வரை ஃபைல் பெயரின் வாலில் ‘.பார்ட்’ என்று ஒட்டியிருக்கும். நடுவில் நெட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கேட்பதற்கு எம்பிவி என்ற பிளேயர். சதுர அடைப்புக்குறி விசைகளைத் தட்டினால் வேகம் பத்துப் பத்து சதவீதமாக ஏறும், இறங்கும். இழுத்து இழுத்துப் பேசும் தொகுப்பாளர்களுக்கு இது நல்ல மருந்து.

பாட்காஸ்ட் பிறந்ததும் இந்த மாதிரிதான். 2000 டிசம்பரில் டேவ் வைனர் என்ற புரோகிராமர், ஃபீடுகளை எழுதும் முறையான ஆர்எஸ்எஸ்ஸின் 0.92 பதிப்பில் ‘என்க்ளோஷர்’ என்ற சின்ன உறுப்பைச் சேர்த்தார். ஃபைல் எங்கே இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை என்ற மூன்றே தகவல்கள் அதில். அடுத்த மாதமே கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் பாட்டு ஒன்றை அப்படி இணைத்து அனுப்பிக் காட்டினார். 2004-ல் ஆடம் கரி என்பவர், அப்படி இணைத்த ஃபைல்களை இறக்கும் ஐபாடர் என்ற ஸ்க்ரிப்டை எழுதினார். ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தது அதற்குப் பிறகு, 2005 ஜூனில். அந்த இடைவெளியில் கேட்டவர்களில் பலர் ஸ்க்ரிப்ட் வைத்துத்தான் கேட்டார்கள்.

அந்த ஸ்க்ரிப்ட்களில் ஒன்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உங்களிடம் என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கிவிடும். லின்க் ஃபெஸ்ஸென்டன் 2004-ல் எழுதிய பாஷ்பாடர் ஒரே திரையில் அடங்கிவிடும் அளவு சின்னது. ஒரு கான்ஃபிக் ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஃபீடு முகவரிகள். ஸ்க்ரிப்ட் ஒவ்வொன்றையும் திறந்து என்க்ளோஷர் முகவரிகளைப் பிடுங்கி எடுக்கும். ஒவ்வொரு முகவரியும் தன் லாக் ஃபைலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டுப் பார்க்கும். இல்லையென்றால், ஃபைல் இறக்கும் கருவியான வீகெட்டைக் கூப்பிட்டு, அன்றைய தேதியிட்ட ஃபோல்டருக்குள் இறக்கும். கடைசியில் லாகைப் புதுப்பித்துவிட்டுத் தூங்கப் போகும். டேட்டாபேஸ் இல்லை, லாகின் இல்லை. ‘எது பழசு’ என்பதற்கு அதனிடம் உள்ள ஒரே ஞாபகம் அந்த முகவரிதான். ஃபைலுக்கு வைக்கும் பெயரும் முகவரியின் கடைசித் துண்டுதான்.

இங்கேதான் உங்கள் கை வருகிறது.

சில ஹோஸ்டிங் சேவைகளில் எல்லா எபிசோடின் முகவரியும் ‘ஆடியோ.எம்பி3’ என்றோ ‘டிஃபால்ட்.எம்பி3’ என்றோ முடியும். அவற்றை வேறுபடுத்தும் எண், முகவரியின் நடுவில் எங்கேயோ இருக்கும். ஆப்பில் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. புதிதாக உங்கள் ஃபீடைச் சேர்த்த பாஷ்பாடர்காரருக்கோ ஒரே நாளில், ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் இருபது எபிசோடு வந்து இறங்கும். அதுவும் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வீகெட்டுக்குச் சொல்லியிருப்பதால், 30 எம்பி உள்ள முதல் ஃபைல் பாதி இறங்கி நிற்கிறது என்று அது நம்பிவிடும். இரண்டாவது எபிசோடு 40 எம்பி என்றால் அதன் கடைசி 10 எம்பியை மட்டும் கொண்டுவந்து முதலாவதன் வாலில் ஒட்டும். கல்கியைப் பற்றிய பேச்சு முடிந்த கையோடு, இடைவெளியே இல்லாமல், தொகுப்பாளர் வேறொரு விருந்தினருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

இது அந்த ஒரு ஸ்க்ரிப்டின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. டேவ் வெர்ஸ் எழுதிய பாட்கெட் என்ற கருவியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். விபரீதமான ஃபைல் பெயர்களைச் சீர்செய்யவே வரிசை எண் போட்டுத் தனித்தனி சுவிட்சுகள் இருக்கின்றன. எல்லா எபிசோடுக்கும் ஒரே பெயர் வைக்கும் நிகழ்ச்சிகளுக்காக, தேதியை ஒட்டிப் பெயர் மாற்றும் சுவிட்ச் ஒன்று தனியாக உண்டு. பாட்போட்டுக்கு முகவரியிலிருந்து பெயரே கிடைக்கவில்லை என்றால் தேதியும் நேரமும் போட்டு, பின்னால் ‘.அன்னோன்’ என்று எழுதிவிடும். இவை ஒவ்வொன்றும் எவரோ ஒரு தயாரிப்பாளர் அலட்சியமாக விட்ட பெயருக்காக, அவரை அறியாத ஒரு புரோகிராமர் ராத்திரி உட்கார்ந்து எழுதியது.

தமிழில் செய்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கண்ணி இருக்கிறது. ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தால் அழகுதான். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். புள்ளியும் ஒரு குறியீடு, கொம்பும் ஒரு குறியீடு, காலும் ஒரு குறியீடு. அதே பெயர் இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்துகள். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ‘சோழர் காலத்து ஏரிகளும் நீர்ப்பங்கீடும்’ என்று ஓர் எபிசோடு இருப்பதாக வையுங்கள். மிக நீளமான தலைப்பு இல்லை. இதில் 35 தமிழ்க் குறியீடுகள், 3 இடைவெளிகள். தமிழாகவே எழுதினால் 108 பைட், பிரச்சினை இல்லை. முகவரிக்குள் விரிந்த வடிவில் 324. முகவரியை அப்படியே பெயராக்கும் ஸ்க்ரிப்ட் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போய்விடும். விடியற்காலை 4 மணிக்கு அந்த வரியைப் படிக்க யாரும் விழித்திருக்க மாட்டார்கள். உங்கள் நேயர் அந்த வாரம் நீங்கள் நிகழ்ச்சி போடவில்லை என்றே நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று, இதைவிட நுணுக்கமானது. ‘சோ’ என்பதில் உள்ள துணையெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரெப்புக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளது. அதிலிருந்து ஏற்றிய ஃபைலை, லினக்ஸில் ‘சோழர்’ என்று தட்டச்சு செய்து தேடுபவர் கண்ணெதிரே வைத்துக்கொண்டே காணோம் என்பார்.

அதனால் ஃபைல் பெயரை வெறும் ரோமன் எழுத்திலும் எண்ணிலும் வைத்துவிடுங்கள். நிகழ்ச்சியின் சுருக்கப் பெயர், ஆண்டு-மாதம்-நாள், எபிசோடு எண், அவ்வளவுதான். இதில் தமிழுக்கு ஒரு குறைவும் வராது. தமிழ் இருக்க வேண்டிய இடம் ஃபீடில் தலைப்புக்கான டேக். அங்கே தாராளமாக எழுதுங்கள். தலைப்பின் தொடக்கத்திலேயே எண்ணையும் போட்டால் ஓர் உபகாரம் உண்டு. டெர்மினல் என்பது எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்த திரை. தமிழின் கொம்பும் காலும் அந்தக் கட்டங்களுக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை. எம்எல்டெர்ம் போன்ற சில டெர்மினல்கள் ஓரளவு சமாளிக்கின்றன. பலவற்றில் ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்கும். அப்படிச் சிதறினாலும் ‘42’ என்பது 42-ஆகவே இருக்கும்.

அடுத்தது, வீடு மாற்றுவது. ஹோஸ்டிங் சேவையை மாற்றும்போது உங்கள் எல்லாப் பழைய எபிசோடுகளின் முகவரியும் மாறும். கேட்பவர் எண்ணிக்கையை அளக்கும் நிறுவனத்தின் முன்னொட்டை எல்லா முகவரியிலும் சேர்த்தாலும் இதே கதைதான். முகவரியை மட்டும் ஞாபகம் வைக்கும் ஸ்க்ரிப்டுக்கு அன்றைக்கு உங்கள் 200 எபிசோடும் புத்தம்புதியவை. எபிசோடுக்கு 40 எம்பி என்றால் 8 ஜிபி. ராத்திரியோடு ராத்திரியாக நேயரின் டேட்டா தீர்ந்துபோகும். ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு நிரம்பிவிடும். உங்கள் பக்கத்திலும் ஒரு விபரீதம் நடக்கும்: பழைய எபிசோடுகளுக்கு அன்று டவுன்லோடு எகிறியிருப்பதைப் பார்த்து நிகழ்ச்சி வைரல் ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

நியூஸ்போட், ஜிபாடர் போன்றவை கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஃபீடில் இருக்கும் ஜியுஐடி என்ற அடையாளத்தை அவை பார்க்கின்றன. அது மாறாமல் இருந்தால் முகவரி மாறினாலும் பழைய எபிசோடு பழையதாகவே இருக்கும். ஆனால் இடம் மாறும்போது ஜியுஐடியையும் புதிதாக உருவாக்கிவிடும் இறக்குமதி முறைகள் இருக்கின்றன. மாறுவதற்கு முன் புதிய சேவையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பழைய ஜியுஐடி அப்படியே வருமா? வராது என்றால் வேறு சேவை பார்ப்பது உத்தமம். பழைய ஃபீடு முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பம் போட்டு, அதைச் சில வாரங்களில் எடுத்துவிடாமல் நீண்ட காலம் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் கணினியைத் திறந்து ஸ்க்ரிப்டை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

ஃபீடைக் கையாலேயே எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. வெளியீட்டுத் தேதிக்கான டேகில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். தமிழ் மாதம் போட்டால் மென்பொருளுக்குப் புரியாது, வரிசை குலையும். ஃபைல் அளவு கேட்கும் இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். அளவைப் பார்த்துவிட்டு இறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களுக்கு அது ஒன்றுதான் துப்பு.

அளவு என்றதும் சொல்ல வேண்டியது: இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சியை 320 கேபிபிஎஸ் ஸ்டீரியோவில் போடுவதால் யாருக்கு லாபம்? ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. அதையே 64 கேபிபிஎஸ் மோனோவில் போட்டால் 29 எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு அது தாராளம். டெர்மினல்காரர்களில் சிலர் இறக்கிய கையோடு எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியை வைத்து 24 கேபிபிஎஸ் ஓபஸ் வடிவுக்கு மாற்றி, மணிக்கு 11 எம்பியாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறார்கள். 2012-ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், பேச்சை அந்த அளவிலும் தெளிவாகக் காக்கும். ஆனால் முதல் 144 எம்பியை இறக்கித்தானே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. பின்னணியில் வீணை வாசிக்க வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் 128 போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

எம்பி3-க்குள்ளே எழுதும் ஐடி3 விவரங்களையும் காலியாக விடாதீர்கள். காஸ்ட்கெட் என்ற கருவியில் இறக்கும்போதே ஆல்பம், தலைப்பு, கலைஞர் பெயரை நேயரே திணித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இந்த வேலை நேயருடையது அல்ல.

இவ்வளவும் சொன்னது ஃபீடு இருப்பவர்களிடம். தமிழில் பல நல்ல நிகழ்ச்சிகளுக்கு ஃபீடே கிடையாது. யூடியூப் மட்டும், அல்லது ஒரே ஒரு ஆப் மட்டும். யூடியூப் சேனலுக்கும் ஓர் ஃபீடு உண்டுதான். அதில் கடைசி 15 வீடியோக்கள் மட்டுமே தெரியும், என்க்ளோஷரும் இருக்காது. ஒய்டி-டிஎல்பி என்ற கருவியை வைத்து ஆடியோவைப் பிரித்தெடுப்பவர்கள், யூடியூப் உள்ளே எதையாவது மாற்றும்போதெல்லாம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தை நம்பி உட்காருவதன் விலை என்ன என்பதற்கு அண்மைக் கால உதாரணங்கள் இருக்கின்றன. ஸ்டிட்சர் என்ற பாட்காஸ்ட் ஆப் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டது. போகும்போது சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் ஃபைலாக எடுத்துக்கொள்ள வழி விட்டது. அந்த ஃபைலை நியூஸ்போட்டும் வாங்கிக்கொள்ளும், ஜிபாடரும் வாங்கிக்கொள்ளும். ஃபீடு உள்ள நிகழ்ச்சிகளின் நேயர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார்கள். ஜோ ரோகன் போன்ற பாட்காஸ்ட் பெரும்புள்ளியே 2020 டிசம்பரில் ஸ்பாட்டிஃபைக்குள் மட்டும் என்று போய், 2024-ல் மறுபடி எல்லா இடங்களுக்கும் வந்தார். அவருக்காவது அதற்குப் பெரும் பணம் கிடைத்தது. உங்களில் எத்தனை பேருக்கு ஒரு ரூபாயாவது கொடுத்து அடைத்து வைத்திருக்கிறார்கள்?

எனவே உங்கள் இணையப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஆப் லோகோக்களின் பக்கத்தில் ஆர்எஸ்எஸ் என்று எழுதி, ஃபீடின் முகவரியைத் திறந்து போடுங்கள். பல தயாரிப்பாளர்களுக்குத் தங்கள் ஃபீடின் முகவரியே தெரியாது. ஹோஸ்டிங் சேவையின் அமைப்புகளில் எங்கேயோ ஒளிந்திருக்கும். கண்டுபிடித்ததும் பக்கத்திலேயே இன்னொரு அமைப்பையும் பார்த்துவிடுங்கள். ஃபீடில் கடைசி எத்தனை எபிசோடு தெரிய வேண்டும் என்று பல சேவைகள் கேட்கும். கேட்காமலே ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தால், அதற்கு முந்தைய எபிசோடுகள் ஸ்க்ரிப்டின் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் என்று மாற்றிவிடுங்கள். ஃபீடு கொஞ்சம் கனமாகும். மாறாத ஃபீடுக்கு ‘304, புதிதாக ஒன்றுமில்லை’ என்று மட்டும் பதில் சொல்லும்படி உங்கள் சர்வர் இருந்தால் அதுவும் பாரமில்லை.

நிகழ்ச்சியை என்றைக்காவது நிறுத்துவீர்கள். பல நல்ல நிகழ்ச்சிகள் முப்பதாவது, நாற்பதாவது எபிசோடோடு நின்றுபோகின்றன, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹோஸ்டிங் கட்டணம் கட்டாமல் விட்ட மாதத்தில் ஃபைல்கள் காணாமல் போகும்; அதற்கு முன் ஒரு பிரதியை இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றிவிடுங்கள், இலவசம்தான். அதற்கும் நேரமில்லை என்றால், ஃபீடை எடுக்கப்போகும் தேதியைக் கடைசி எபிசோடில் இரண்டு வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெர்மினல்காரர்களுக்கு ஓர் இரவு போதும், மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
‘மற்றவை’ வரியில் இருக்கும் உங்கள் நேயர்கள் சார்பில்